ஏற்காட்டு என்ற ஒரு சொல்

சென்றாயனை அணியிலிருந்து நீக்கியதாக எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. அவனை மாநிலத்திலிருந்தே நீக்கினார்கள். நீக்கியவர்களுக்கு அவன்மீது பகை ஏதும் கிடையாது. ஒரு சொல்லின் பொருள் அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பொருள் தெரிந்தவன் ஒருவன் அதே அறையில் இருந்தான். அவன் வாயைத் திறக்கவும் செய்தான். திறந்து, வேண்டிய ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொன்னான்.

சேர்வராயன் மலையில் காலங்காலமாக உழுது பிழைக்கும் குடியானவர்களுக்கு மலையாளி என்று பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து ஏறி வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. பேசுவது தமிழ், கும்பிடுவது சேர்வராயனை. ஏற்காட்டுக் கடைத்தெருவில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மலையை விட்டு இறங்கியதும் விளக்க வேண்டும் என்பதைச் சென்றாயன் இருபத்தொரு வயதில் தெரிந்துகொண்டான். அந்த அறிவுக்கு அவன் கொடுத்த விலை ஒரு வாழ்க்கை.

அவன் பிறந்தது கரடியூரில், 1968இல். தகப்பன் ஐயாக்கண்ணுவுக்குச் சரிவில் கொஞ்சம் காப்பி, அதற்குக் கீழே சாமைக்காடு. சாமை கதிர் விடும் காலத்தில் கிளி கூட்டமாக இறங்கும். காவல் பரண் இருந்தது மேட்டில். பரணுக்கும் காட்டுக்கும் நடுவே காப்பிச் செடிகள் காயோடு நின்றன. மேலாகக் கல்லெறிந்தால் கல் நிழல்மரத்துக் கிளையில் பட்டுக் காப்பியின்மேல் விழும்.

“கல்லு எறியறது கிளிக்கு, காப்பிக்கு இல்லை. ஒரு காய் உதிந்தாலும் உன்ற கஞ்சியில ஒரு கை கொறையும்” என்பார் ஐயாக்கண்ணு. சொன்னதைச் செய்கிற மனிதர் அவர்.

ஆகவே சென்றாயன் கிளைகளுக்கு அடியில் எறியப் பழகினான். இடுப்பை மடித்து, கை முழங்காலுக்குக் கீழே போய், தரையைத் தடவுவதுபோல் வந்து கல்லை விடும். கல் செடிகளின் தூர்களுக்கிடையே தாழப் பறந்து, காட்டை நெருங்கும்போது திடீரென்று மேலெழும்பும். கிளிகள் மேலிருந்து வரும் ஆபத்துக்குத்தான் பழகியிருந்தன. கீழிருந்து எழும்பி வரும் கல்லை அவை எதிர்பார்க்கவில்லை. பிற்காலத்தில் மட்டையோடு நின்றவர்களும் எதிர்பார்க்கவில்லை.

மட்டை வந்தது 1985இல். பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர் பெரியசாமி சேலத்தில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு, ஒரு மட்டை, இரண்டு பந்து, பிய்ந்த கையுறைகள் சிலவற்றோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். பேஸ்பால் என்றார். கிரிக்கெட் தெரியும், இது என்ன என்று பையன்கள் கேட்டார்கள். பந்து தரையில் குத்தாமல் வரும், அடிப்பவன் மூன்று முறை தவறவிட்டால் வெளியே, எறிகிறவன் பிட்சர், அடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிக்கிறவன் கேட்சர் என்று அவர் விளக்கினார். அவருக்கே அதற்குமேல் தெரியாது. தெரியாததை ஒப்புக்கொண்டு, சாயங்காலம் மைதானத்தைத் திறந்துவிட்டுப் போய்விடுவார்.

சென்றாயன் எறிந்த முதல் பந்தை யாரும் பிடிக்கவில்லை. இரண்டாவது ஒருவனுடைய உதட்டைக் கிழித்தது. மூன்றாவதைப் பிடிக்கக் குந்தியவன் வெங்கடாசலம். மஞ்சக்குட்டைப் பக்கத்து எஸ்டேட் லயனில், கூலியாட்களின் வரிசை வீடுகளில், பிறந்தவன். அவனுடைய தாத்தா காலத்தில் தர்மபுரிச் சீமையிலிருந்து காப்பி பறிக்க வந்த குடும்பம். மார்புக்குக் கவசம் இல்லாததால் எஸ்டேட்டிலிருந்து காப்பிச் சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து, பஞ்சும் வைக்கோலும் திணித்து, அவனுடைய அம்மா வேலம்மாள் தைத்துக் கொடுத்ததைக் கட்டிக்கொண்டான்.

“ஏண்டா, பக்கத்துல நின்னா ஓட்டல்ல நிக்கற மாதிரி மணக்குது. ஒரு டம்ளர் கெடைக்குமா?” என்று மட்டை பிடித்தவன் கேட்டான்.

“இப்ப ஒண்ணு வரும் பாரு, சூடா” என்றான் வெங்கடாசலம். பந்து வந்தது. மட்டை காற்றை அடித்தது.

எந்த மாதிரிப் பந்து என்பதைக் கேட்சர் விரலால் சைகை காட்டுவதுதான் அந்த ஆட்டத்தின் வழக்கம். சென்றாயன் எறியும்போது தலை தரைப்பக்கம் சாய்ந்திருக்கும், விரல் தெரியாது. அதற்கு வெங்கடாசலம் ஒரு வழி கண்டான். வாயால் கத்துவது, ஆனால் எதிராளிக்கு விளங்காமல் கத்துவது. மலையின் ஊர்ப் பெயர்களை எடுத்துக்கொண்டான். கொட்டச்சேடு என்றால் கீழிருந்து எழும்பும் பந்து. செம்மநத்தம் என்றால் வெளிப்பக்கம் விலகிப்போவது. நாகலூர் என்றால் மெதுவான பந்து.

“நாகலூர் எதுக்குடா?”

“அந்த பஸ்ஸு என்னிக்காச்சும் நேரத்துக்கு வந்திருக்கா?”

சேலத்தில் நடந்த மாவட்டப் போட்டியில் எதிரணிக்காரர்கள் இந்தக் கூச்சலைக் கேட்டு விழித்தார்கள். மலைக்காரர்கள் மந்திரம் சொல்கிறார்கள் என்று ஒருவன் நடுவரிடம் முறையிட்டான். நடுவருக்கும் அதற்கு விதி தெரியவில்லை. அன்றைக்கு இருவரும் பஸ் படிக்கட்டில் நின்றுகொண்டே சிரித்தபடி மலையேறினார்கள். பிறகு அவர்களை அழித்த வேடிக்கை அதுதான் என்று அப்போது யார் கண்டார்கள்?

அந்தப் போட்டியைப் பார்த்திருந்த கோயம்புத்தூர் நூற்பாலை ஒன்றின் தொழிலாளர் நல அதிகாரி இருவரையும் கூப்பிட்டனுப்பினார். மற்ற ஆலைகளில் வாலிபால் அணி, ஹாக்கி அணி இருந்தன. தம் ஆலையில் யாரிடமும் இல்லாத அணி இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மாதச் சம்பளம், தங்க இடம், காலையில் நூல் பிரிவில் வேலை, மாலையில் ஆட்டம். ஆனால் பதிலி. நிரந்தர ஆள் வராத நாளில் அந்த இடத்தில் நிற்கும் ஆளுக்கு ஆலையில் பதிலி என்று பெயர்; எப்போது வேண்டுமானாலும் வரவேண்டாம் என்று சொல்லலாம்.

செய்தியைக் கேட்ட சென்றாயனின் தாய் சின்னத்தாயி, முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள். “ஏஞ்சாமி, எறியறதுக்கா சம்பளங் குடுக்கறாங்க?”

“ஆமாம்மா.”

“அப்ப உங்கப்பன் இத்தனை வருசமா உன்னெச் சும்மாவே எறிய உட்டிருக்கான்.”

மகன் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று ஐயாக்கண்ணு பஸ் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

இரண்டு ஆண்டுகள் அவன் சம்பளத்துக்கு ஆடினான். ஈரோடு, மதுரை, திருச்சி என்று ஆலை வேனில் போனார்கள். ஒரு நாளிதழ் அவன் வீச்சைப் பற்றி நான்கு வரி எழுதியது. பெயரைச் சின்னராயன் என்று போட்டிருந்தது. அந்தத் துண்டையும் அவன் வெட்டி வைத்தான். ஆட்டத்தின் விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. பழைய கடையில் அகராதி ஒன்று வாங்கி, சொல் சொல்லாகப் பார்த்து அதைப் படித்து முடித்தான். அறையில் மற்றவர்கள் சீட்டாடும்போது அவன் விதி படிப்பான். இதற்கு அவனைக் கேலி செய்யாதவர் இல்லை.

கேலிகளில் ஒன்றை இங்கே குறித்தாக வேண்டும். ஒருநாள் ஆலை உணவகத்தில் முனியப்பன் என்ற மெஷின்காரர் சென்றாயனைப் பார்த்து, “என்ன சேட்டா, சாப்பாட்டுல தேங்காயெண்ணெ இல்லாம எறங்குதா?” என்று கேட்டார். அவன் மலையாளி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மேசை முழுக்கச் சிரித்தது. சென்றாயன் வாயெடுப்பதற்குள் வெங்கடாசலம் தட்டை நகர்த்திவிட்டு நிமிர்ந்தான்.

“அண்ணா, அவன் ஏற்காட்டு மலையாளிங்க. கேரளா இல்லீங்க. நாங்கெல்லாம் பொழைக்க வந்தவங்க. அந்த மலையே அவங்களுதுங்க.”

முனியப்பன் தலையைச் சொறிந்தார். “அப்படியொரு ஆளுக இருக்காங்களா? தப்பா நெனச்சுக்காத கண்ணு” என்றார். அதன்பின் அந்த ஆலையில் எவரும் அவனைச் சேட்டா என்று அழைக்கவில்லை. ஒரு சொல் சேர்த்ததும் விளங்கிவிட்டது. சேர்க்க வேண்டிய சொல் எது என்பது வெங்கடாசலத்துக்கு அன்றே தெரிந்திருந்தது.

1989ஆம் ஆண்டு இறுதியில் அதிகாரி இருவரையும் அறைக்கு அழைத்தார். மாநில அணிக்குச் சென்னையில் தேர்வு. மாநில அணியில் ஆடுபவனை ஆலை நிரந்தரமாக்கும், மேலிடத்தில் பேசியாயிற்று.

“ஆனா இந்த வருசம் நிரந்தரத்துக்கு ஒரு எடந்தான் குடுத்திருக்காங்க.”

“ரெண்டு பேரும் செலெக்ட் ஆயிட்டா என்னங்க பண்ணுவீங்க?” என்று சென்றாயன் கேட்டான்.

“அப்ப எனக்குத் தலைவலி. ஒருத்தன் மட்டும் ஆனா எனக்கு வேலை சுலபம்” என்று அவர் சிரித்தார். வெங்கடாசலமும் சிரித்தான். வெளியே வந்ததும் அவன் சென்றாயனுக்கு முன்னால் வேகமாக நடந்தான். அவனுடைய அப்பா அப்போதுதான் இறந்திருந்தார். எஸ்டேட்டில் வேலைசெய்ய ஆள் இல்லாத குடும்பம் லயன் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். வேலம்மாளுக்கு முட்டி வலி. எத்தனை காலம் காப்பிக்காட்டுக்குப் போவாள்? இதையெல்லாம் சென்றாயன் அறிவான். நியாயம் பேசும்போது அதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும் என்று பிற்காலத்தில் தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். சேர்த்துப் பேசினாலும் கணக்கு நேராகவில்லை.

சென்னை மைதானத்தில் சென்றாயனின் பந்தை அன்று ஒருவராலும் தொட முடியவில்லை. பின்னால் குந்தியிருந்த வெங்கடாசலம் வழக்கம்போல் கத்தினான். கொட்டச்சேடு. கொட்டச்சேடு. நாகலூர். கொட்டச்சேடு. மட்டைக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பினார்கள். பந்தலில் உட்கார்ந்திருந்த தேர்வுக் குழுவினர் தங்களுக்குள் குனிந்து பேசினார்கள். புகழ்ந்து பேசுகிறார்கள் என்று சென்றாயன் எண்ணினான்.

மதியம் அவனை ஓர் அறைக்கு அழைத்தார்கள். குழுவின் செயலாளர் முன்னால் அவனுடைய விண்ணப்பம் இருந்தது. இனம் என்ற இடத்தில், பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி, மலையாளி என்று அவனே அழகாக எழுதியிருந்தான்.

“ஏம்பா, நீ கேரளாவா?”

“இல்லீங்க சார். ஏற்காடுங்க.”

“மலையாளினு எழுதியிருக்கே.”

“மலையாளிதானுங்க.”

“ஏற்காட்டுல வந்து செட்டில் ஆன குடும்பமா?”

“நாங்க எப்பவுமே அங்கதானுங்க சார்.”

குழுவில் ஒருவர் சிரித்தார். “எஸ்டேட் வேலைக்கு வந்திருப்பாங்க சார். அந்தப் பக்கமெல்லாம் நிறைய இருக்காங்க. கிரவுண்டுல அந்த கேட்சர் பையன் மலையாளத்துலதானே கத்திட்டிருந்தான், கேட்டீங்களா?”

அப்போதுதான் சென்றாயனுக்குத் தரை நழுவுவது புரிந்தது. “சார், அது மலையாளம் இல்லீங்க. கொட்டச்சேடுங்கறது ஊருங்க. பஸ்ஸெல்லாம் போகுதுங்க.”

“பந்து போடச் சொல்றதுக்கு ஊர்ப் பேரைக் கூப்பிடுவாங்களா?” என்று செயலாளர் கேட்டார். அறை சிரித்தது. உண்மையிலேயே அது நம்பும்படியாக இல்லை. சொல்லும்போது சென்றாயனுக்கே அப்படித்தான் பட்டது. “வெளி மாநிலத்து ஆளைச் சேர்த்தா நாளைக்கு எதிர் டீம் எழுதிக் குடுத்துடுவான். அந்த கேட்சரைக் கூப்பிடு. அவன் சொல்லட்டும்.”

வெங்கடாசலம் வந்தான். கையில் காப்பிச் சாக்குக் கவசம் இருந்தது. ஆலையில் புதுக் கவசம் கொடுத்தும் ராசிக்காக அதையே அவன் கட்டிக்கொண்டிருந்தான்.

“உனக்கு இவனைத் தெரியுமா?”

“ஒண்ணாப் படிச்சமுங்க.”

“இவன் மலையாளியா?”

சென்றாயன் அவன் முகத்தையே பார்த்தான். ஆலை உணவகத்தில் தட்டை நகர்த்திவிட்டு நிமிர்ந்த அதே முகம். இப்போது நிமிரவில்லை. சாக்கின் பிரிந்த தையலை விரலால் நெருடிக்கொண்டிருந்தது அவன் கை.

“மலையாளிங்க.”

“நீ கிரவுண்டுல கத்துறது?”

“அது அவனுக்குப் புரியற மாதிரி சொல்றதுங்க.”

இரண்டு வாக்கியம். இரண்டிலும் பொய் இல்லை. செயலாளர் விண்ணப்பத்தை வலப்பக்கத்திலிருந்து எடுத்து மடித்து இடப்பக்கத்தில் வைத்தார். “நல்லாப் போடறப்பா. உங்க மாநிலத்துக்குப் போய் ஆடு” என்று பரிவோடுதான் சொன்னார். அந்தப் பரிவுதான் இன்றுவரை சென்றாயனுக்குச் செரிக்கவில்லை.

அறையை விட்டு வந்ததும் வெங்கடாசலத்தைத் தேடினான். அவன் தேர்வான மற்றவர்களோடு அணிச் சட்டைக்கு அளவு கொடுக்கப் போய்விட்டான்.

சென்றாயன் மலைக்கு ஓடினான். தாலுகா அலுவலகத்தில் இருப்பிடச் சான்று குறையில்லாமல், முத்திரையோடு கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு சென்னை திரும்பியபோது அணி தேசியப் போட்டிக்கு வடக்கே ரயிலேறியிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தோற்று வந்தார்கள் என்று பிறகு படித்தான். அந்தச் செய்தித் துண்டும் பெட்டியில் இருக்கிறது.

வெங்கடாசலத்துக்கு நிரந்தர உத்தரவு வந்தது. சென்றாயனின் பதிலி அட்டை புதுப்பிக்கப்படவில்லை. “ஸ்டேட் ஆடலைன்னா நான் மேல என்னன்னு எழுதறது, சொல்லு?” என்றார் அதிகாரி. அவரும் சில மாதத்தில் மாற்றலாகிப் போனார். விடுதியில் சென்றாயன் பெட்டி கட்டிய அன்று வெங்கடாசலத்துக்குப் பகல் ஷிப்ட்; மாற்றிக்கொண்டிருக்கலாம், மாற்றிக்கொள்ளவில்லை.

உங்கள் மாநிலத்துக்குப் போ என்றார்களே என்று, அந்த வயிற்றெரிச்சலில் பாலக்காட்டுக்கும் ஒருமுறை போனான். அங்கே ஓர் அணியின் பொறுப்பாளர் அவனிடம் ஏதோ கேட்டார். அவனுக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. அவர் மறுபடி நிறுத்திக் கேட்டார். அவன் விழித்தான். அவர் அவன் தோளில் கைவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, கொச்சைத் தமிழில் சொன்னார்: “நீங்க தமிழன் அல்லே? தமிழ்நாட்டு டீமுக்குப் போங்க.” டீயைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறினான். அதற்குப்பின் அவன் பந்தைத் தொடவில்லை.

ஆனால் விடவும் இல்லை. தேர்வுக் குழுவுக்கு மனு எழுதினான். விதிப்புத்தகத்தை மறுபடி படித்தபோது, ஓராண்டுக்கு மேல் ஒரு மாநிலத்தில் வேலை செய்கிறவன் எங்கே பிறந்திருந்தாலும் அந்த மாநிலத்துக்கு ஆடலாம் என்ற விதி கண்ணில் பட்டது. அவன் கேரளத்தானாகவே இருந்தாலும் அவர்கள் அவனைச் சேர்த்திருக்கலாம். அதையும் எழுதினான். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. பிறகு பதிலும் வரவில்லை.

1994ஆம் ஆண்டு வைகாசி. ஏற்காடு பஸ் நிலையத்தில் சென்றாயன் சந்தையில் விற்கப் பலாப்பழங்களை இறக்கி வைத்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் தள்ளி, மூட்டையும் பாத்திரமுமாக வேலம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவளருகே ஆலையின் பெயர் போட்ட பையோடு வெங்கடாசலம் நின்றான். தாயை லயன் வீட்டிலிருந்து ஆலைக் குடியிருப்புக்கு அழைத்துப்போக வந்திருந்தான்.

வேலம்மாள்தான் முதலில் கண்டாள். “அட, நம்ம சென்றாயனா? ஏஞ்சாமி, நொம்ப எளைச்சுட்டியே. இவங்கூட மில்லுலயே இருந்திருக்கலாமில்ல. எதுக்கு உட்டுட்டு வந்தே?”

அவளுக்குத் தெரியாது. சொல்லப்படவில்லை. சென்றாயன் அவளைப் பார்த்தான். “தோது படலீங்க அத்தை” என்றான். சேலம் பஸ்ஸில் அவளை ஏற்றி உட்கார வைத்துவிட்டு வெங்கடாசலம் இறங்கி வரும்வரை காத்திருந்தான்.

“நல்லா இருக்கியா?” என்று கேட்டான் வெங்கடாசலம்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டு உட்டர்றேன்.”

“அன்னிக்கு நான் பொய் ஒண்ணும் சொல்லலியே சென்றாயா. கேட்டாங்க, சொன்னேன். நீ மலையாளிதானே?”

“பொய்னு நான் எப்பச் சொன்னேன்? மில்லு கேண்டீன்ல முனியப்பண்ணங்கிட்ட என்ன சொன்னே?”

வெங்கடாசலம் பையைத் தோள் மாற்றிக்கொண்டான்.

“ஏற்காட்டு மலையாளின்னு சொன்னே. சாப்பாட்டு மேசையில, கேலி பேசின ஆளுக்கு, யாரும் கேக்காம சொன்னே. வேலைக்கு ஆகற எடத்துல, அந்த ஒரு வார்த்தை எங்கடா போச்சு?”

பஸ்ஸின் சன்னலில் வேலம்மாள் முந்தானையால் முகத்தை விசிறிக்கொண்டிருந்தாள். வெங்கடாசலம் அந்தப் பக்கம் பார்த்தான்.

“நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு” என்றான். “சொல்லியிருந்தா ரெண்டு பேரும் செலெக்ட்டு. ரெண்டு பேர்ல மில்லு எவனை எடுக்கும்? எறியறவனைத்தான் எடுக்கும். பிடிக்கறவனுக்கு எவண்டா கை தட்டறான்? அம்மாவை நெனச்சேன். முழுங்கிட்டேன்.”

“இதை அவங்ககிட்ட வந்து சொல்லுவியா? மனு இன்னும் நெலுவையிலதான் இருக்குது.”

“மில்லு டீமையே கலைச்சுப் போட்டாங்க. போன வருசமே. எனக்கே இப்ப நூல் பிரிவு மட்டுந்தான்.” அவன் குரல் தணிந்தது. “இப்ப சொல்லி யாருக்கு என்ன ஆகும்? எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குது.”

ஐந்து ஆண்டுகளாகச் சென்றாயன் கேட்க விரும்பிய பதில் அது. கிடைத்துவிட்டது. கிடைத்த இடத்தில் அதற்கு ஒரு பயனும் இல்லை. அந்த ஒரு சொல்லைத் திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டிய அறையே இனிக் கிடையாது.

“சரி, ஏறு. அம்மா பாக்கறாங்க” என்றான்.

வெங்கடாசலம் படியில் கால் வைத்தான். அந்த நேரம் பக்கத்தில் நின்ற உள்ளூர்ப் பஸ்ஸின் நடத்துநர் கதவைத் தட்டிக்கொண்டு கத்தத் தொடங்கினார். “கொட்டச்சேடு, கொட்டச்சேடு, செம்மநத்தம்.”

சென்றாயனின் வலது கை முழங்காலை நோக்கித் தானாக இறங்கியது. அங்கே இல்லாத ஒரு பந்தை விரல்கள் பற்றின. தினமும் சந்தைக்கு வரும்போது இப்படித்தான் நேர்கிறது. ஊர்ப் பெயர்களை மாற்றுவதற்கு அவனால் யாருக்கும் மனுப்போட முடியாது. நிமிர்ந்தபோது, படியில் நின்றபடி வெங்கடாசலம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

சென்றாயன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, பலாப்பழம் ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்தான். சேலம் பஸ் நகர்ந்தது.